கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கலா? கேஸ் ஷீட் வாங்குவதிலிருந்து நுகர்வோர் கோர்ட் வரை முழுமையான வழிகாட்டி

என் சித்திக்கு அப்போது 46 வயது. ஃபைப்ராய்டு கட்டி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு, ரத்தம் குறைந்து முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. பக்கத்து டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் நாள் காலையில் எழுந்தபோது புடவை, விரிப்பு, பாய் எல்லாம் நனைந்திருந்தன. பாத்ரூமுக்கும் வழக்கம்போல் போகிறார், ஆனால் நடந்தாலும் உட்கார்ந்தாலும் தண்ணீராகக் கசிகிறது. நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தோம். "வெள்ளைப்படுதல்தாம்மா, உடம்பு பலவீனம், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். துண்டை மடித்து வைத்துக்கொண்டு, யார் வீட்டுக் கட்டிலிலும் உட்காராமல், மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சித்தி உட்கார்ந்திருந்தார். 21-ஆம் நாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகப் (யூராலஜி) பிரிவில் காட்டிய பிறகுதான் இடது பக்க யூரிட்டர், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய், அடிபட்டிருப்பது தெரிந்தது.

அந்த வழக்குக்காக அலைந்ததில் நான் கற்றுக்கொண்டவற்றையும், பின்னால் இதே நிலையில் வந்த பல குடும்பங்களோடு உட்கார்ந்து காகிதம் காகிதமாகப் பார்த்ததில் தெரிந்தவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "ஆபரேஷனில் எப்படி அடிபட்டது?" என்றுதான். கோர்ட்டில் பெரும்பாலும் ஜெயிப்பதும் தோற்பதும் வேறு கேள்வியில்: அடிபட்டது எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தார்கள்? இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: வழக்கு இருக்கட்டும், உடம்பைப் பாருங்கள்

கர்ப்பப்பை ஆபரேஷனில் பக்கத்து உறுப்புகள் ஏன் அடிபடுகின்றன என்று புரிந்துகொண்டால் அறிகுறியும் புரியும். கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு அடியில், கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத தூரத்தில் யூரிட்டர் போகிறது. தமனியைக் கட்டும்போதோ, சூடு வைத்து ரத்தத்தை நிறுத்தும்போதோ அது மாட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு அது தழும்போடு இறுகிப் போயிருக்கும், பிரிக்கும்போது கிழியலாம். பின்னால் குடல்.

கத்தி நேராகப் பட்டால் அன்றைக்கே தெரியும். சூடு பட்டது அப்படி இல்லை. அந்த இடம் மெதுவாகக் கருகி, சில நாட்கள் கழித்து ஓட்டையாகும். அதனால்தான் "டிஸ்சார்ஜ் ஆகும்போது நன்றாகத்தான் இருந்தார்" என்பதை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்: பிறப்புறுப்பு வழியாக நிற்காமல் நீர் கசிவது, ஒரு பக்க விலாவில் வலியும் குளிர்காய்ச்சலும், வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வாந்தி வருவது, மூன்றாம் நாள் இருந்ததைவிட ஐந்தாம் நாள் வலி கூடுவது, சிறுநீர் அளவு திடீரென்று குறைவது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்துகொண்டவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறவேண்டும். தேறாமல் போவதே ஒரு அறிகுறி.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பழைய, எளிய சோதனை ஒன்று உண்டு. சித்திக்கு அதைத்தான் செய்தார்கள். சிறுநீர்ப்பைக்குள் நீலச்சாயம் கலந்த நீரை ஏற்றி, பிறப்புறுப்பில் பஞ்சு வைத்துக் கொஞ்ச நேரம் நடக்கவிடுவார்கள். பஞ்சு நீலமானால் ஓட்டை சிறுநீர்ப்பையில். பஞ்சு நனைந்திருக்கிறது, ஆனால் நீலம் இல்லை என்றால் கசிவு யூரிட்டரிலிருந்து வருகிறது. சித்தியின் பஞ்சு நிறமே இல்லாமல் நனைந்து வந்தது. பிறகு மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேனில் இடம் சரியாகத் தெரிந்தது. 12 நாள் "பலவீனம்" என்று சொன்ன ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு குப்பி சாயமும் நாலு பஞ்சும் போதுமாக இருந்தன. இதை எழுதும்போது இன்றைக்கும் மனசு பொறுக்கவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்பதில் தவறில்லை. கேட்கும் விதம்தான் முக்கியம். "டாக்டர், இந்த நீர் எங்கிருந்து வருதுன்னு சாயம் போட்டுப் பார்க்கலாமா? யூராலஜி டாக்டர்கிட்ட அனுப்பி வைப்பீங்களா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர்கள் உடனே அனுப்பிவைப்பார்கள். அப்படி அனுப்பி, கூடவே போய் நின்று, செலவையும் பார்த்துக்கொண்ட டாக்டர்களை நான் அறிவேன். அந்தக் குடும்பங்கள் வழக்குக்குப் போகவே இல்லை.

கோபத்தில் ஆஸ்பத்திரியில் கண்ணாடியை உடைப்பது, டாக்டரைத் தள்ளுவது எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் பாதுகாக்க 2008-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் ஜெயிலுக்குப் போவது நீங்களாக இருக்கும்.

இரண்டாம் படி: கேஸ் ஷீட் நகலைக் கையில் வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது ஒரு பக்கச் சுருக்கம். அதை வைத்து எதுவும் தெரியாது. வேண்டியது முழு கேஸ் ஷீட்: அட்மிஷன் குறிப்பு, சம்மதப் படிவம், ஆபரேஷன் குறிப்பு, மயக்கமருந்துப் பதிவு, துணி, ஊசி, கருவிகளை எண்ணிய தாள், தினசரி டாக்டர் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, உள்ளே போன திரவம் வெளியே வந்த திரவம் எழுதும் அட்டவணை, ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் படமும் சி.டி.யும், எடுத்த கர்ப்பப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட்.

இது அவர்கள் மனமிரங்கிக் கொடுப்பதில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரவேண்டும். உள்நோயாளிப் பதிவேடுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் பாதுகாக்க வேண்டும். தர மறுப்பதே நடத்தைக் குற்றம்.

வாயால் கேட்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: நோயாளி பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, "மேலே சொன்ன சிகிச்சை தொடர்பான முழுப் பதிவேட்டின் சான்றிட்ட நகல்கள் வேண்டும், நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயார்" என்ற ஒரு வரி, நோயாளியின் கையெழுத்து. நேரில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் நேரமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கடிதத்தில் குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். "மேல்சிகிச்சைக்குத் தேவை" என்றால் போதும், அது உண்மையும்தான். சண்டை போட்டுவிட்டுக் கேட்டால் காகிதம் திருத்தப்படலாம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் சீக்கிரம் கேட்கச் சொல்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் இதே கடிதத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

வீட்டுப் பக்கமும் ஒரு ஆவணக்கட்டு தயாராகட்டும். மருந்துக்கடை ரசீது, ஆஸ்பத்திரி பில், போன் அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் டாக்டரிடம் கேட்ட கேள்விகள். கூடவே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: என்று கசிவு தொடங்கியது, என்று யாரிடம் போனில் பேசினீர்கள், என்ன சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் தேதி ஞாபகம் இருக்காது. சித்தியின் நோட்டில் தினமும் எத்தனை துண்டு மாற்றினார் என்றுகூட எழுதியிருந்தார். பின்னால் அது மிகப் பெரிய உதவியாக இருந்தது.

மூன்றாம் படி: கேஸ் ஷீட்டைப் படிப்பது

டாக்டர் கையெழுத்து புரியாது என்று மூடி வைக்காதீர்கள். தெரிந்த நர்ஸ் ஒருவரை உட்காரவைத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது ஆபரேஷன் குறிப்பு. எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எவ்வளவு ரத்தம் போனது, உறுப்புகள் ஒட்டியிருந்தனவா, யூரிட்டரைப் பார்த்து அடையாளம் கண்டதாக எழுதியிருக்கிறதா, சிறுநீர்ப்பையைச் சோதித்தார்களா, துணி எண்ணிக்கை சரி என்று இருக்கிறதா. ஒரு மணி நேர ஆபரேஷன் மூன்றரை மணி நேரம் ஓடியிருக்க, குறிப்பில் "சிக்கல் எதுவும் இல்லை" என்று ஒரே வரி இருந்தால், இடையில் என்ன நடந்தது என்று மயக்கமருந்துப் பதிவில் தேடுங்கள். மயக்கமருந்து டாக்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எழுதுவார். ஏற்றிய ரத்தமும் அங்கே பதிவாகும்.

இரண்டாவது, திரவ அட்டவணை. இதுதான் நான் முதலில் புரட்டுகிற பக்கம். ஒரு அம்மாவின் கேஸ் ஷீட்டில் வயிற்று வடிகுழாயில் வந்த திரவத்தை நர்ஸ்கள் ஒழுங்காக எழுதியிருந்தார்கள்: இரண்டாம் நாள் 60 மில்லி, மூன்றாம் நாள் 180, நான்காம் நாள் 450. நிறம் என்ற இடத்தில் முதல் நாள் சிவப்பு, நான்காம் நாள் வெளிர்மஞ்சள். ஐந்தாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் குறிப்பில் அந்த நாட்களில் "நலம், அதே மருந்து தொடரவும்" என்று மட்டும் இருந்தது. வடிகிற திரவம் குறைந்துகொண்டே வரவேண்டும். கூடிக்கொண்டே போய், நிறமும் தெளிந்தால், அது சிறுநீரா என்று கிரியேட்டினின் (சிறுநீரில் அதிகம் இருக்கும் கழிவுப்பொருள்) பரிசோதனை செய்வது சாதாரண நடைமுறை. அந்த அட்டவணையை எழுதிய நர்ஸ் பெண்ணுக்கு அவர் எவ்வளவு பெரிய காரியம் செய்தார் என்று தெரிந்திருக்காது.

மூன்றாவது, பயாப்ஸி ரிப்போர்ட். கட்டி, புற்றுநோய்ச் சந்தேகம் என்று சொல்லி எடுத்த கர்ப்பப்பையில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், ஆபரேஷன் தேவைதானா என்ற கேள்வி எழுகிறது. எடுத்ததைப் பரிசோதனைக்கே அனுப்பவில்லை என்றாலும் அதே கேள்வி. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் காப்பீட்டுப் பணத்துக்காக ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்ததாக வந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. இது எங்கோ நடக்கிற விஷயம் என்று விட்டுவிட முடியாது.

நான்காம் படி: கையெழுத்து எதற்குப் போட்டீர்கள்?

"எல்லாத்துக்கும் கையெழுத்து போட்டுட்டோமே சார், இனி என்ன கேட்க முடியும்?" என்று தலைகுனிந்து கேட்காத குடும்பமே இல்லை. கேட்க முடியும். கையெழுத்து ஆபரேஷனுக்கான சம்மதம். அலட்சியத்துக்கு யாரும் முன்கூட்டியே சம்மதம் கொடுக்க முடியாது.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு சமீரா கோலி வழக்கு, 2008. டெல்லியில் 1995-இல் நடந்தது. 44 வயது, திருமணமாகாத பெண். உதிரப்போக்குக்காக லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது உதவி டாக்டர் வெளியே வந்து அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்று கோர்ட் ஏற்றது. ஆனாலும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒரு பெண்ணுக்காக அம்மா சம்மதம் தர முடியாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் உறுப்பை அகற்றுவதற்குச் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. டாக்டர் கட்டணம் கேட்க முடியாது, 25,000 ரூபாய் இழப்பீடு. தொகை சிறியதுதான். ஆனால் நம் ஊரில் கணவரிடமோ மகனிடமோ வராந்தாவில் வைத்துக் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு எதிரான வலுவான தீர்ப்பு இது.

ஆகவே சம்மதப் படிவத்தில் பாருங்கள்: கையெழுத்து யாருடையது, எந்த நேரம், ஆபரேஷனின் பெயர் கையெழுத்துக்கு முன்பே எழுதப்பட்டதா, படிவம் தமிழில் இருக்கிறதா, சினைப்பையையும் எடுப்பதாகச் சொன்னார்களா, யூரிட்டர், சிறுநீர்ப்பை அடிபடும் வாய்ப்பை எழுதியிருக்கிறதா, மாத்திரை போன்ற மாற்று வழிகளைச் சொன்னார்களா.

ஐந்தாம் படி: சிக்கலா, அலட்சியமா?

இதில்தான் நேர்மையாக இருக்கவேண்டும். கர்ப்பப்பை ஆபரேஷனில் யூரிட்டர் அடிபடுவது திறமையான கைகளிலும் ஆயிரத்தில் சிலருக்கு நடக்கக்கூடியது. நடந்தது என்பதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதுதான்: அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு டாக்டர் அந்தச் சூழ்நிலையில் செய்திருப்பதை இவர் செய்தாரா? இருப்பதிலேயே சிறந்த டாக்டர் என்ன செய்திருப்பார் என்று சட்டம் கேட்பதில்லை.

சில விஷயங்களில் மட்டும் விவாதமே தேவைப்படாது. ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963 ஜூலையில் பிரசவமான ஒரு பெண்ணுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். வலியும் காய்ச்சலும் விடவில்லை. மறுபடி திறந்தபோது வயிற்றுக்குள் துணி இருந்தது. ஜூலை 24-ஆம் தேதி இறந்துபோனார். குடும்பம் கோர்ட் கோர்ட்டாக ஏறி, 1996-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் நீதி கிடைத்தது. துணி வயிற்றுக்குள் தானாகப் போகாது, நடந்ததே சாட்சி, அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றது கோர்ட். 36,000 ரூபாய்க்காக 33 வருடம்.

மற்றவற்றில், அடிபட்டதை விட்டுவிட்டு அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். முன்னால்: இரண்டு சிசேரியன், பெரிய கட்டி என்று தெரிந்தும் தயாரிப்பு இருந்ததா? பின்னால்: அறிகுறி எழுதப்பட்டும் சோதனை செய்யவில்லையா? சோதனை செய்யும் வசதி இல்லாதபோது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தாமதித்தார்களா? நோயாளியிடம் உண்மையைச் சொன்னார்களா? சித்தியின் வழக்கில் "யூரிட்டரை வெட்டியது அலட்சியம்" என்று எங்கள் வக்கீல் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை என்ன நடந்தது என்று மட்டுமே எழுதினார். "சார், அந்த 12 நாள்தான் நம்ம கேஸ்" என்றார்.

ஆறாம் படி: இரண்டாவது டாக்டர் எழுதித் தரவேண்டும்

சரிசெய்யும் ஆபரேஷனைச் செய்கிற யூராலஜி டாக்டரின் குறிப்பு உங்களிடம் இருக்கக்கூடிய மிக வலுவான சாட்சி. பல டாக்டர்கள் இன்னொரு டாக்டருக்கு எதிராகப் பேசத் தயங்குவார்கள், புரிந்துகொள்ளலாம். எதிராக எழுதச் சொல்லாதீர்கள். "பார்த்ததை மட்டும் விவரமா எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். அடிபட்ட இடம் எது, சிறுநீர்ப்பையிலிருந்து எவ்வளவு தூரம், தையல் இறுக்கியிருந்ததா, வெட்டுப்பட்டிருந்ததா, கருகியிருந்ததா, சிறுநீரகம் எவ்வளவு வீங்கியிருந்தது. முடிந்தால் புகைப்படம். வயிற்றிலிருந்து துணி எடுத்தால் அது பதிவாகவேண்டும், படமும் வேண்டும்.

நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் துணி மறந்தது போன்ற வெளிப்படையான வழக்கு தவிர மற்றவற்றில் நிபுணர் கருத்து இல்லாமல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி. ஓய்வு பெற்ற மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரிக் குழுவின் கருத்தைப் பெறும்படி நுகர்வோர் ஆணையத்திடமே (நுகர்வோர் கோர்ட்) மனு போடலாம்.

ஏழாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது?

இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரி மட்டும் வராது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்தால், இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அது பணம் கொடுத்துப் பெற்ற சேவையே என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொண்டவர்கள் இதை வைத்து வாதாடலாம்.

இலவச ஜி.எச்.சில் நடந்தது என்றால் சிவில் கோர்ட்டில் அரசு மேல் வழக்கு, அல்லது சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு, அதாவது அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு. துணி மறந்தது போல் உண்மை தெளிவாக இருந்தால் ரிட் சீக்கிரம் பலன் தரும். சர்ச்சை அதிகம் என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள்.

டாக்டரின் நடத்தை பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம், ஆனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. கேஸ் ஷீட் தரவில்லை, சம்மதம் வாங்கவில்லை போன்றவற்றுக்கு இது நல்ல இடம்.

போலீசுக்குப் போவதைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: உயிர் போன வழக்கு தவிர மற்றவற்றில் அது பெரும்பாலும் உங்கள் சக்தியை வீணாக்கும். குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். வேறொரு டாக்டரின், முடிந்தவரை அரசு டாக்டரின், சுதந்திரமான கருத்து வாங்காமல் போலீஸ் மேலே போகக்கூடாது என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பே சொல்கிறது. மரணம் என்றால் இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு. அந்த நிலையில் உடலை வாங்குவதற்கு முன்பே புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அது நடக்காவிட்டால் பின்னால் நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

எட்டாம் படி: நுகர்வோர் ஆணையத்தில்

கெடு 2 வருடம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் பலர் கவிழ்ந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு நர்சுக்கு 1993-இல் பித்தப்பைக் கல் ஆபரேஷன். உள்ளே துணி இருந்தது 2002-இல்தான் தெரிந்தது. தெரிந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட்டார். ஆபரேஷன் முடிந்ததிலிருந்தே வலி இருந்தும் இத்தனை வருடம் ஏன் அந்த டாக்டரிடம் போய்க் கேட்கவில்லை, சோதித்துப் பார்க்கவில்லை என்று கேட்டு 2010-இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. "தெரிந்த நாள்" கணக்கை நம்பியிருக்காதீர்கள். ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணி, அதற்குள் தாக்கல் செய்யுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இரண்டு பெரிய வசதிகள். ஆபரேஷன் சென்னையில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய பில் தொகையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததில்லை. 50 லட்சம் வரை பில் என்றால் மாவட்ட ஆணையம்தான், அதனால் நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும் மாவட்டமே. பில் 5 லட்சம் வரை இருந்தால் தாக்கல் கட்டணமே கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாளோ ஒரு மாதமோ அவகாசம் கொடுப்பது வழக்கம். புகார் மனுவில் டாக்டர், ஆஸ்பத்திரி இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். டாக்டருக்குத் தொழில் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனமும் வரும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், அதிகம் போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் தரமுடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. வாய்தா கேட்டால் இதை நினைவூட்டுங்கள்.

இழப்பீட்டுக் கணக்கில் வீட்டுப் பெண்கள் தங்களையே விட்டுவிடுகிறார்கள். "நான் வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சித்தியும் சொன்னார். காலை நாலரைக்கு எழுந்து ஆறு பேருக்குச் சமைத்து, இரண்டு மாடு பார்க்கிறவர். வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தரவேண்டும் என்று விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். முதல் ஆஸ்பத்திரி பில், இரண்டாவது ஆபரேஷன், ஸ்டென்ட் (யூரிட்டருக்குள் வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தது எடுத்தது, போக்குவரத்து, கூட இருந்தவரின் கூலி இழப்பு, இனி வரும் ஸ்கேன் செலவு, பட்ட வேதனை, கணவன் மனைவி வாழ்க்கையில் ஏற்பட்ட பாதிப்பு என்று தனித்தனியாக எழுதவேண்டும்.

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பின் கர்ப்பமானால்

இது தனிக் கணக்கு. சரியாகச் செய்தாலும் சுமார் 200-இல் ஒருவருக்கு மறுபடி கரு தங்கலாம். அதனால் கர்ப்பம் தரித்தது மட்டுமே அலட்சியத்துக்குச் சாட்சி இல்லை என்று 2005-இல் பஞ்சாப் அரசு - சிவ்ராம் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் குர்கானில் ஏழு பிள்ளை பெற்ற ஒரு கூலித்தொழிலாளிப் பெண்ணுக்கு வலது கருக்குழாயை மட்டும் அடைத்துவிட்டு இடதைத் தொடாமலே "ஆபரேஷன் முடிந்தது" என்று அனுப்பியது வேறு விஷயம். சந்த்ரா வழக்கில் 2000-இல் அரசே இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அரசுத் திட்டத்தில் செய்துகொண்டவர்களுக்கு, அலட்சியத்தை நிரூபிக்காமலே, தோல்விக்கும் சிக்கலுக்கும் மரணத்துக்கும் காப்பீட்டுத் தொகை உண்டு. கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள், ஆபரேஷன் சான்றிதழோடு மாவட்டக் குடும்பநலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பலர் வெட்கப்பட்டுக்கொண்டே இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

கடைசிப் படி: சமரசத்துக்கு அழைத்தால்

நோட்டீஸ் போனதும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரலாம், அல்லது ஆணையமே சமரசத்துக்கு அனுப்பலாம். போங்கள். நல்ல சமரசம் ஐந்து வருட வழக்கைவிட மேல் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற தாளில் உடனே கையெழுத்து போடாதீர்கள். சரிசெய்த யூரிட்டர் மாதங்கள் கழித்தும் சுருங்கலாம், வலியே இல்லாமல் சிறுநீரகம் வீணாகலாம். யூராலஜி டாக்டரிடம் காட்டி, சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்ற ஸ்கேன் எடுத்து, இனி என்னென்ன வரலாம் என்று எழுதி வாங்கிய பிறகு தொகை பேசுங்கள். பின்னால் வரும் சிகிச்சைச் செலவுக்குத் தனி வரி கேளுங்கள்.

எங்களுக்கு இரண்டாவது வாய்தாவிலேயே சமரசப் பேச்சு வந்தது. சித்தி எதுவும் பேசவில்லை, நோட்டை மட்டும் மேஜையில் வைத்தார். அந்த டாக்டரம்மா அதை வாங்கி, துண்டு எண்ணிக்கை எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "அன்னைக்கே உங்களை வரச் சொல்லிப் பார்த்திருக்கணும்மா" என்றார். சித்தி முதல் தடவையாக அன்று அழுதார். தொகை அடுத்த மாதம் வந்தது. ஒப்பந்தத்தில், வருடத்துக்கு ஒரு ஸ்கேன் வீதம் ஐந்து வருடத்துக்கான செலவை எங்கள் வக்கீல் தனியாக எழுதி வாங்கியிருந்தார்.

மூன்றாவது ஸ்கேன் வருகிற தை மாதம்.